2003 ஜென் காரில் கேசட் செட்: ஐபாட், போன், பென்டிரைவ் பாட என்ன வழி?

தாம்பரம்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். அப்பா ஓட்டிய 2003 மாருதி ஜென் இப்போது என்னிடம் இருக்கிறது. விற்கும் எண்ணம் இல்லை. அதில் இருப்பது ரேடியோ, கேசட் மட்டும் உள்ள செட். வண்டி வாங்கியபோது வெளிக்கடையில் போட்டது. முன் கதவுகளில் இரண்டு ஸ்பீக்கர், பின் கண்ணாடிக்குக் கீழே பார்சல் ட்ரேயில் இரண்டு ஓவல் ஸ்பீக்கர். நான்கும் நன்றாகவே பாடுகின்றன.

நான் அதில் கேட்க நினைப்பது: 30 பின் கேபிள் போடும் பழைய ஐபாட் கிளாசிக், ஒரு பென்டிரைவ், ஹெட்போன் துளை இல்லாத ஆண்ட்ராய்டு போன்.

சிகரெட் லைட்டரில் செருகும் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் போட்டுப் பார்த்தேன். வீட்டுப் பக்கம் பரவாயில்லை. கிண்டி தாண்டினால் நம் பாட்டுக்குள் வேறொரு ஸ்டேஷன் புகுந்துவிடுகிறது. அப்புறம் கேசட் வடிவ அடாப்டர் வாங்கினேன். சில நொடி பாடும், 'டக்' என்று செட் தானே சைடு மாற்றிக்கொள்ளும், சத்தம் கிணற்றுக்குள் போனது போல ஆகிவிடும். திரும்ப 'டக்'. இப்படியே போகிறது.

அப்பாவின் கேசட்டுகள் ஒரு பெட்டி நிறைய இருப்பதால் முடிந்தால் பழைய செட்டையே வைத்துக்கொள்ள ஆசை. முடியாது என்றால் நாலாயிரம் ரூபாய்க்குள் புது செட். எது சரி?

ஜிஎஸ்டி ரோடு:

டிரான்ஸ்மிட்டரைத் தூக்கிப் போடாதீர்கள். சென்னையில் 91.1, 92.7, 93.5, 98.3, 101.4, 106.4 என்று வரிசையாக ஸ்டேஷன்கள். இவற்றுக்குப் பக்கத்தில் வைத்தால் தப்பவே முடியாது. 88-ஐ ஒட்டி வைத்துப் பாருங்கள். வண்டியின் ஏரியலை முழுக்க உள்ளே தள்ளிவிடுங்கள், வெளி ஸ்டேஷன் பலம் குறையும், உங்கள் டிரான்ஸ்மிட்டர் ஜெயிக்கும். இரண்டு நிமிட வேலை.

ஈயப்பற்று:

மேலே சொன்னது உதவும், ஆனால் ஓரளவுக்குத்தான். எஃப்.எம். ஒலிபரப்பில் 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒலி போகாது. தவிர, மலிவு டிரான்ஸ்மிட்டர்களில் மெதுவான பாட்டின் பின்னால் 'உஸ்' என்ற இரைச்சல் எப்போதும் இருக்கும்.

கேசட் அடாப்டர் விஷயத்துக்கு வருவோம். உங்கள் செட் ஆட்டோ ரிவர்ஸ். டேப் சுற்றும் சக்கரம் சுழல்கிறதா என்று செட் கண்காணித்துக்கொண்டே இருக்கும். சுழற்சி நின்றால் 'டேப் முடிந்தது' என்று எண்ணி மறுபக்கம் திருப்பும். அடாப்டருக்குள் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் பல்சக்கரங்கள்தான் அந்தச் சுழற்சியைக் கொடுப்பவை. அவை இறுகிப்போனாலோ, சத்தம் போடுகிறது என்று யாராவது கழற்றிவிட்டாலோ இதே கதைதான். திருப்பிய பின் செட்டின் ஹெட் வேறு தடத்தைப் படிக்கப் பார்க்கும். அடாப்டரின் ஹெட் அந்த இடத்தில் இருக்காது, அதனால்தான் கிணற்றுச் சத்தம்.

அடாப்டரைத் திறந்து சக்கரங்களில் தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். ஹெட் பக்கம் படக்கூடாது.

செட்டைப் பிரித்து வால்யூம் கன்ட்ரோலில் நேரடியாக ஆக்ஸ் வயர் (வெளிக்கருவியின் ஒலியை செட்டுக்குள் கொடுப்பது) பற்றவைக்கலாம் என்றும் யாராவது சொல்வார்கள். முடியும்தான். கப்பாசிட்டர் வழியாகக் கொடுக்க வேண்டும், கேசட்டின் ஒலியை வெட்டிவிட ஒரு சுவிட்ச் வைக்க வேண்டும், பாட்டு கேட்கும்போதெல்லாம் வெற்று கேசட் ஒன்று உள்ளே ஓட வேண்டும். சர்க்யூட் படம் இல்லாமல் நான் செய்ய மாட்டேன்.

கோவை ஒர்க்‌ஷாப்:

தம்பி, தினமும் ஓட்டுகிற வண்டி என்றால் புது செட் போட்டுவிடுங்க. பழைய செட்டைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய் 12 வோல்ட், 5 ஆம்பியர் அடாப்டர் ஒன்றில் கொடுத்து, ஒரு ஜோடி 4 ஓம் ஸ்பீக்கர் மாட்டினால் அப்பாவின் கேசட்டெல்லாம் ஹாலிலேயே பாடும். வண்டி வெயிலில் வைத்தால் கேசட்டுக்கும் நல்லதில்லை.

ஜெனில் இருப்பது ஒற்றை டின் (DIN) துளை, அதாவது கார் செட்டுகளுக்கான பொது அளவு. 180 மில்லிமீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் உயரம். இந்த அளவு செட் எல்லாக் கம்பெனியிலும் கிடைக்கும். சிடி இல்லாத செட்டாக வாங்கினால் பின்பக்கம் நீளம் குறைவு, வயர் மடக்க நிறைய இடம் இருக்கும். முன்பக்கம் யுஎஸ்பி, 3.5 மில்லிமீட்டர் ஆக்ஸ், உள்ளேயே புளூடூத். இது மூன்றும் இருந்தால் போதும். பெட்டியில் '50 வாட் x 4' என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதீங்க. அது உச்ச அளவு. தொடர்ந்து வருவது ஸ்பீக்கருக்கு இருபது வாட்டை ஒட்டித்தான் இருக்கும். ஜெனுக்கு அதுவே தாராளம்.

சென்னை என்றால் ஜி.பி. ரோட்டில் ஒரு நடை போய் நான்கு கடை கேளுங்க.

தாம்பரம்காரன்:

நன்றி அண்ணா. எண்ணெய் விட்டதில் அடாப்டர் நிஜமாகவே சரியாகிவிட்டது. ஆனாலும் போனுக்கு அது ஒத்துவராது என்பதால் புது செட் வாங்கப் போகிறேன். ஐபாடை அந்த யுஎஸ்பியில் செருகினால் பாடுமா? போனை?

ஈயப்பற்று:

ஐபாட்: 'ஐபாட் கன்ட்ரோல்' இருப்பதாக செட்டின் விவரத்தில் தெளிவாகப் போட்டிருந்தால் ஒழிய நம்பாதீர்கள். ஐபாட் தன் பாட்டுகளை மறைவான ஃபோல்டரில், எஃப்00, எஃப்01 என்று பிரித்து, நான்கெழுத்துப் பெயர் வைத்து ஒளித்துவைக்கும். விண்டோஸில் ஃபார்மட் செய்த ஐபாடை டிஸ்க் மோடில் வைத்தால் சில செட்டுகள் பென்டிரைவ் என்று நினைத்துப் பாடவும் செய்யும். ஆனால் ஆல்பமும் இருக்காது, வரிசையும் இருக்காது.

நேர்வழி ஆக்ஸ்தான். அதிலும் ஹெட்போன் துளையிலிருந்து எடுக்காமல், கீழே உள்ள 30 பின் துளையில் மாட்டும் 'லைன் அவுட்' கேபிள் வாங்குங்கள். ஐபாடின் வால்யூமைக் கடக்காமல் நிலையான அளவில் ஒலி வரும், தெளிவும் கூடுதல். ஆப்பிள் 2012-லேயே லைட்னிங்குக்கு மாறிவிட்டது, கிளாசிக்கை 2014-ல் நிறுத்தியும்விட்டது. எனவே இந்தக் கேபிளைத் தேடித்தான் எடுக்க வேண்டும். ரிச்சி தெருவில் பாருங்கள்.

போன்: யுஎஸ்பியில் செருகினால் சார்ஜ் ஆகும், பாடாது. இன்றைய ஆண்ட்ராய்டு போன் தன்னைப் பென்டிரைவ் என்று காட்டிக்கொள்வதில்லை, எம்டிபி என்ற வேறு முறையில் பேசுகிறது. சாதா கார் செட்டுக்கு அது புரியாது. புளூடூத்தில் விடுங்கள்.

பென்டிரைவ்: ஃபேட்32-ல் ஃபார்மட் செய்யுங்கள். 64 ஜிபி பென்டிரைவ் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட்டில் வரும், அதைப் பல செட்டுகள் படிக்காது. எம்பி3 எல்லாம் பாடும், ஃபிளாக் கோப்புகளுக்கு விவரம் பார்த்து வாங்குங்கள்.

தாம்பரம்காரன்:

செட் வந்துவிட்டது. பழையதை இன்று காலை வெளியே இழுத்தேன். தலை சுற்றுகிறது. பிளக்கே கிடையாது, எல்லாம் முறுக்கி டேப் சுற்றிய ஒட்டு. ஸ்பீக்கர் வயர் எல்லாமே ஒரே நிறம், சிவப்பு-கருப்பு ஜோடி. புது செட்டில் மஞ்சள், சிவப்பு, கருப்பு, நீலம், வெள்ளை, சாம்பல், பச்சை, ஊதா. கடைக்காரர் "சிவப்பு சிவப்போடு, கருப்பு கருப்போடு" என்கிறார். செய்துவிடலாமா?

கோவை ஒர்க்‌ஷாப்:

வேண்டாம், நிறுத்துங்க. புது செட்டின் நிறத்தை நம்பலாம். வண்டிக்குள் யாரோ இழுத்த வயரின் நிறத்தை நம்பக் கூடாது. மல்டிமீட்டர் ஒன்று எடுங்க.

செட்டில் மஞ்சள் என்பது எப்போதும் 12 வோல்ட் வேண்டிய வயர், செட் தன் அமைப்புகளை மறக்காமல் இருக்க. சிவப்பு என்பது சாவியை ஏசிசியில் (என்ஜின் ஓடாமலே ரேடியோவுக்குக் கரண்ட் தரும் நிலை) திருப்பினால் மட்டும் கரண்ட் வர வேண்டியது. கருப்பு எர்த். வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. ஒவ்வொன்றுக்கும் கருப்புக் கோடு போட்ட ஜோடி மைனஸ். நீலம் பவர் ஏரியலுக்கோ ஆம்பிளிஃபையருக்கோ, உங்களிடம் இரண்டும் இல்லை என்றால் முனையில் டேப் சுற்றிவிடுங்க.

முதலில் சாவி இல்லாமல் எந்த வயரில் 12 வோல்ட் வருகிறது, சாவி திருப்பினால் எதில் வருகிறது என்று பார்த்துச் சீட்டு ஒட்டுங்க. பிறகு பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கர் வயர்கள். சாதா பென்சில் பேட்டரியை ஒரு ஜோடியில் தொட்டு எடுத்தால் எந்த ஸ்பீக்கர் 'டப்' என்கிறதோ அதுதான். கூம்பு வெளியே தள்ளினால் பேட்டரியின் பிளஸ் தொட்ட வயர்தான் பிளஸ்.

இன்னொன்று, இதை விட்டுவிடாதீங்க. ஒவ்வொரு ஸ்பீக்கர் வயரையும் வண்டியின் பாடிக்கு (உலோக உடலுக்கு) எதிராக ஓம் அளந்து எழுதுங்க.

தாம்பரம்காரன்:

அளந்தேன். 12 வோல்ட் வருவது ஒரே ஒரு வயரில், அதுவும் சாவி திருப்பினால் மட்டும். முன் ஸ்பீக்கர்கள் இரண்டும் பாடியோடு தொடர்பே இல்லை. பார்சல் ட்ரே ஸ்பீக்கர்கள் இரண்டுக்கும் ஒரு முனை பாடிக்கு சைபர் ஓம் காட்டுகிறது.

ஈயப்பற்று:

அவர் அளக்கச் சொன்னது இதற்காகத்தான். முன்காலத்துக் குறைந்த பவர் செட்டுகள் பலவற்றில் ஸ்பீக்கரின் மைனஸை எர்த் செய்யலாம். அதனால் வயர் மிச்சம் பிடிக்க பின் ஸ்பீக்கரின் ஒரு முனையை அங்கேயே பாடியில் திருகிவிட்டிருக்கிறார்கள். இன்றைய செட் அப்படி இல்லை. ஒவ்வொரு ஸ்பீக்கரின் இரண்டு முனையையும் தனித்தனி ஆம்பிளிஃபையர் தள்ளுகிறது. பாட்டு ஓடாதபோதே இரண்டு முனையிலும் பேட்டரியில் பாதி, அதாவது ஆறு வோல்ட் போல நிற்கும். அதில் ஒன்றை பாடியில் தொட்டால் நேராக ஷார்ட். நல்ல செட் 'புரொடெக்ட்' என்று காட்டி நின்றுவிடும், மலிவு செட்டில் ஆம்பிளிஃபையர் ஐசி (சிப்) போய்விடும்.

கடைக்காரர் சொன்னபடி கருப்பைக் கருப்போடு இணைத்திருந்தால் முதல் நாளே வாரண்டிக்கு அலைந்திருப்பீர்கள். பின் ஸ்பீக்கர் இரண்டுக்கும் ஆளுக்கொரு ஜோடி புது வயர், செட்டிலிருந்து நேராக.

கோவை ஒர்க்‌ஷாப்:

கதவடியில் கார்ப்பெட்டின் ஓரத்தைத் தூக்கினால் வயர் போக வழி கிடைக்கும், பின் சீட்டுக்கு அடியில் எடுத்து மேலே ஏற்றிவிடலாம். சீட் தண்டவாளத்தின் குறுக்கே மட்டும் போகவிடாதீங்க, உரசி அறுந்து நாளைக்கு அதுவே பாடியில் படும்.

நிரந்தர 12 வோல்ட் இல்லை என்று மஞ்சளையும் சிவப்பையும் ஒன்றாக முறுக்காதீங்க. இரண்டையும் ஏசிசியில் கொடுத்தால் சாவி எடுத்ததும் ஸ்டேஷன், புளூடூத், பேஸ் டிரெபிள் எல்லாம் மறந்துபோகும். இரண்டையும் பேட்டரியில் கொடுத்தால் ஒரு நாள் அணைக்க மறந்தாலும் காலையில் வண்டி கிளம்பாது. பேட்டரியிலிருந்து தனி வயர் இழுங்க. பேட்டரி முனைக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ், நடுவில் எங்கேயோ இல்லை. எத்தனை ஆம்பியர் என்பது செட்டின் பின்னால் இருக்கும் ஃபியூஸில் எழுதியிருக்கும். என்ஜின் பக்கத் தகட்டில் ரப்பர் வளையம் உள்ள துளை வழியாகத்தான் உள்ளே கொண்டுவர வேண்டும்.

தாம்பரம்காரன்:

எல்லாம் முடிந்தது. புளூடூத் அருமை. பென்டிரைவ் பாடுகிறது, ஸ்டேஷன் மறப்பதில்லை. இரண்டு தொல்லை மட்டும் பாக்கி. ஐபாடை ஆக்ஸில் கேட்கும்போது 'ஙீ' என்று ஒரு கீச்சொலி, ஆக்ஸிலரேட்டர் மிதித்தால் அதுவும் சேர்ந்து ஏறுகிறது. இன்னொன்று, நான்கு ஸ்பீக்கரும் பாடினாலும் பேஸ் முன்னைவிடக் குறைவு.

ஈயப்பற்று:

ஐபாட் அப்போது சிகரெட் லைட்டரில் சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கிறதா? சார்ஜரைப் பிடுங்கிவிட்டுக் கேளுங்கள். கீச்சொலி போனால் அது எர்த் சுழல். சார்ஜர் வழியாக ஒரு எர்த், ஆக்ஸ் கேபிள் வழியாக இன்னொரு எர்த், நடுவில் ஆல்டர்னேட்டரின் அலை ஒலியோடு கலக்கிறது. 'கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்' என்று விற்பார்கள், உள்ளே இருப்பது சின்ன டிரான்ஸ்ஃபார்மர் இரண்டு. ஆக்ஸ் கேபிளின் நடுவில் மாட்டுங்கள். ரொம்ப மலிவானதில் பேஸ் கொஞ்சம் மெலியும். வீட்டிலேயே சார்ஜ் போட்டு எடுத்துவந்தால் அதுவும் தேவையில்லை.

பேஸ் குறைவுக்கு ஏதோ ஒரு ஸ்பீக்கரில் பிளஸ் மைனஸ் மாறியிருக்கும். பேலன்ஸை (இடது-வலது அளவு) நடுவில் வைத்து ஃபேடரை (முன்-பின் அளவு) பின்னால் தள்ளுங்கள், பிறகு முன்னால். எந்த ஜோடியில் பேஸ் காணாமல் போகிறதோ அதில் ஒன்றை மாற்றி இணையுங்கள்.

தாம்பரம்காரன்:

பின் வலதுதான். மாற்றியதும் ட்ரே அதிர்கிறது. சார்ஜரைப் பிடுங்கினால் கீச்சொலியும் இல்லை, ஐசொலேட்டர் ஆர்டர் போட்டுவிட்டேன். நன்றி அண்ணா, இருவருக்கும்.

பத்மினி பிரியன்:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னுடையது பழைய பிரீமியர் பத்மினி கார். டேஷ்போர்டில் இரண்டு குமிழ் வைத்த ரேடியோ, டின் துளையே கிடையாது. வெட்டவும் மனசில்லை. என்ன செய்ய?

கோவை ஒர்க்‌ஷாப்:

வெட்டாதீங்க சார். 12 வோல்ட் புளூடூத் ஆம்பிளிஃபையர் சின்னப் பெட்டியாகக் கிடைக்கிறது, டேஷ்போர்டுக்கு அடியில் ஒளித்து வைத்துவிடலாம். ரேடியோ அதன் இடத்திலேயே இருக்கட்டும். பழைய ஸ்பீக்கரையே அதோடு சேர்க்கலாமா, புது ஜோடி போடணுமா என்பது அளந்த பிறகு பார்க்கலாம். முதலில் அந்த ஸ்பீக்கர் வயர் பாடியில் எர்த் ஆகியிருக்கிறதா என்று அளந்து சொல்லுங்க.