டேக் ஃபைல்களை அழிப்பதா, வைத்திருப்பதா?

மேளச்சத்தம்:
ஒரு நையாண்டி மேளக் குழுவின் ஆறு பாட்டைப் பதிவு செய்தேன். நாதஸ்வரம் இரண்டு, தவில் இரண்டு, பம்பை, தமுக்கு, தாளம், பாட்டுக்காரர் என மொத்தம் எட்டு மைக். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் ஒரு மைக்குக்கு நிமிடத்துக்கு 8.64 எம்பி ஆகிறது. ஐந்து நிமிடப் பாட்டு ஒவ்வொன்றும் இருபது டேக் (ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப வாசித்துப் பதிவதில் ஒவ்வொரு முறையும் ஒரு டேக்) ஓடியதில் ஃபோல்டர் 41 ஜிபி ஆகிவிட்டது. மிக்ஸில் எடுத்துக்கொண்டது பாட்டுக்கு ஒரு டேக், ஆறுக்கும் சேர்த்து சுமார் 2 ஜிபி. ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் ஃபைல் மெனுவில் பயன்படாத ஃபைல்களை அழிக்கும் 'க்ளீன் கரண்ட் ப்ராஜெக்ட் டைரக்டரி' இருக்கிறதே, அதை ஓட்டிவிடலாமா? லேப்டாப்பில் 15 ஜிபிதான் மீதி. அடுத்த வாரம் இன்னொரு பதிவு இருக்கிறது.

மிக்ஸ்மேசை:
தாராளமாக ஓட்டுங்கள் தம்பி. பாட்டு முடிந்து கைமாறிய அன்றே நான் துடைத்துவிடுவேன். இடத்துக்காக இல்லை, பேக்கப்புக்காக. 2 ஜிபி என்றால் இரண்டு டிஸ்க்கிலும் க்ளவுடிலும் அன்று இரவே ஏறிவிடும். 41 ஜிபி என்றால் 'நாளைக்குப் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போடுவோம். அப்படித் தள்ளிப்போட்டு எனக்கு ஒரு ஆல்பமே போனது. நல்ல டேக்கும் சேர்ந்தே போனது.

பழையநாடா:
அண்ணே, இதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. 'பயன்படாத ஃபைல்' என்று முடிவு செய்வது யார்? மென்பொருள். இந்த ப்ராஜெக்டின் டைம்லைனில் (ஒலித் துண்டுகளை வரிசையாக அடுக்கும் இடம்) இப்போது எந்தத் துண்டும் அந்த ஃபைலைத் தொடவில்லை, அது ஒன்றுதான் அதற்குத் தெரியும்.

ஒரு பாட்டியம்மாவின் ஒப்பாரியைப் பதிவு செய்தேன். நான்காவது டேக்கில் பாதியில் இருமல் வந்து நின்றார். தண்ணீர் குடித்த சொம்பை வைக்கிற சத்தம் கேட்கிறது. அப்புறம், "இந்த அடிய எங்கம்மா வேற மாதிரி இழுக்கும்" என்று சொல்லி அந்த ஒரு அடியை மட்டும் பாடிக்காட்டினார். மிக்ஸுக்கு அது ஆகாது, டைம்லைனிலிருந்து எடுத்துவிட்டேன். அவர் காலமான பிறகு பேத்தி வந்து கேட்டது அந்தக் குரலைத்தான், பாட்டை இல்லை. துடைத்திருந்தால் அவரிடம் என்ன சொல்லியிருப்பேன்?

மிக்ஸ்மேசை:
அதைத் தேட எவ்வளவு நேரம் ஆனது தம்பி? உண்மையைச் சொல்லுங்கள்.

பழையநாடா:
இரண்டு இரவு. ஃபைல் பெயரெல்லாம் வெறும் எண்கள். ஆனாலும் கிடைத்தது அண்ணே.

மிக்ஸ்மேசை:
உங்களுக்குக் கிடைத்தது. நூறு ப்ராஜெக்ட் வைத்திருப்பவருக்குக் கிடைக்காது. நான் கண்ணை மூடிக்கொண்டு அழிக்கச் சொல்லவில்லை. டேக்குகளைக் கேட்டுப் பாருங்கள், வேண்டியதற்குப் பெயர் வைத்துத் தனியாக எடுத்து வையுங்கள், மிச்சத்தை அழியுங்கள். கேட்காமலே குவித்து வைப்பதை நான் பாதுகாப்பு என்று சொல்ல மாட்டேன்.

ஒலிவாங்கி:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எந்தப் பக்கம் நின்றாலும் கருவியைத் தெரிந்துகொண்டு ஓட்டுங்கள். நான் பட்டிருக்கிறேன். ஒரே ஃபோல்டரில் பாட்டுடன் கூடிய மிக்ஸ் ஒரு ப்ராஜெக்ட், கரோக்கி இன்னொரு ப்ராஜெக்ட். கரோக்கியைத் திறந்து வைத்துத் துடைத்தேன். அதில் பாடகர் ட்ராக் கிடையாது. அடுத்த முறை முதல் ப்ராஜெக்டைத் திறந்தால் குரல் ஃபைல் ஒன்றுகூட இல்லை. அண்டூவும் உதவவில்லை. துண்டு திரும்ப வரும், உள்ளே ஒலி இருக்காது.

ஒவ்வொரு மென்பொருளும் ஒரு மாதிரி. ஆர்டர் (Ardour) மென்பொருளில் துடைத்தால் ஃபைல்கள் முதலில் 'டெட்' என்ற ஃபோல்டருக்குப் போகும், தனியாக இன்னொரு கட்டளை கொடுத்தால்தான் ஒரேயடியாகப் போகும். க்யூபேஸில் பூலுக்குள்ளேயே (ப்ராஜெக்டின் ஒலி ஃபைல்கள் பட்டியல்) ஒரு ட்ராஷ் உண்டு. ப்ரோ டூல்ஸில் பயன்படாத க்ளிப்களைத் தேர்ந்தெடுத்து க்ளியர் கொடுத்தால் 'ரிமூவ்' வேண்டுமா, 'டெலீட்' வேண்டுமா என்று கேட்கும். முதலாவது பட்டியலிலிருந்து மட்டும் எடுக்கும், இரண்டாவது டிஸ்க்கிலிருந்தே எடுத்துவிடும். ரீப்பரில் ரீசைக்கிள் பின்னுக்கு அனுப்பும் டிக்கைக் கட்டாயம் போடுங்கள். ஒரே ஐட்டத்துக்குள் (டைம்லைனில் உள்ள ஒரு துண்டு) டேக்குகளை அடுக்கி வைத்திருந்தால், ஒலிக்காத டேக்கும் பயன்படும் கணக்கில்தான் வரும், அழிக்கும் பட்டியலில் வராது.

பழையநாடா:
இதனால்தான் சொல்கிறேன். டிஸ்க்கை வாங்கலாம், டேக்கைத் திரும்ப வாங்க முடியுமா? இடம் பிரச்சினை என்றால் எடுக்காத டேக்குகளை ஃப்ளாக் (FLAC, ஃபைலைச் சுருக்கி வைக்கும் வடிவம்) ஆக்கி வெளி டிஸ்க்கில் போடுங்கள். ஒலியில் ஒரு பிட்கூடக் குறையாது. ரீப்பரில் மொத்தமாக மாற்றும் வசதி இருக்கிறது, திரும்பத் தேவைப்பட்டால் ஃப்ளாக்கை நேரடியாகவே ட்ராக்கில் போடலாம். எட்டு மைக்கையும் ஒரே தொடக்கத்திலிருந்து முழு நீளமாக வையுங்கள், இல்லையென்றால் பின்னால் ஒன்றோடு ஒன்று பொருத்த முடியாது.

மிக்ஸ்மேசை:
ஃப்ளாக் யோசனை நல்லது, அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்த டேக் நம்முடையதா? ஒரு பாடகி என்னிடம், "குரல் உடைஞ்ச டேக் எதையும் வைக்காதீங்க சார், யார் கையிலாவது சிக்கிடும்" என்று கேட்டார். அவர் முன்னாலேயே அழித்தேன். ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தேன். பாடினவர் வேண்டாம் என்றால் நாம் வைத்திருப்பது சேமிப்பா?

பழையநாடா:
இதற்கு என்னிடம் பதில் இல்லை அண்ணே. பாட்டியம்மாவிடம் நான் கேட்கவில்லை. இருந்தாலும், அவரிடம் கேட்கும் முன்பே அழிப்பதும் அதே தப்புதான்.

மேளச்சத்தம்:
இரண்டு பேர் சொன்னதையும் வைத்துக்கொண்டு, நாதஸ்வரம் வாசித்த பெரியவருக்கே போன் போட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஆறாவது பாட்டுல சீவாளி மாத்துறதுக்கு முன்னாடி வாசிச்சது ஒண்ணும் இருக்கக் கூடாது தம்பி. பாக்கியத் தொடாதே, பேரன் கேக்கட்டும்" என்றார். சீவாளி, அதாவது நாதஸ்வரத்தின் வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டு, மாற்றியது ஒன்பதாவது டேக்குக்குப் பிறகு. மைக்கில் அவர் அதை ஊதிப் பார்க்கிற சத்தமே பதிவாகியிருக்கிறது. அந்த ஒன்பதையும் இன்று அழித்துவிட்டேன். மற்றவை ஃப்ளாக்காக வெளி டிஸ்க்குக்குப் போய்க்கொண்டிருக்கின்றன, பாட்டின் பெயரும் டேக் எண்ணும் போட்டு.