குற்றவாளி தப்பிப்போகும் படங்கள்: நியோ நுவார் பார்த்த அனுபவங்கள்

திருச்சி உறுப்பினர்:

‘நுவார்’ என்பது 1940களின் ஹாலிவுட்டில் செழித்த இருண்ட குற்றக்கதைப் பாணி; அதைப் பிற்காலத்தில் புதுப்பித்து எடுத்தவையே நியோ நுவார் படங்கள். அவற்றைப் பற்றி எழுதும்போது நம்மில் பலர் மழை நனைத்த தெரு, ஜன்னல் தட்டியின் வரிநிழல், சிகரெட் புகை ஆகியவற்றோடு நின்றுவிடுகிறோம். அந்தப் பாணி மறுபிறவி எடுத்திருப்பது எனக்கு உறைத்தது ஒரு படத்தின் கடைசி நிமிடத்தில்தான் என்பதால், முடிவுகளைப் பற்றியே எழுதுகிறேன். படங்களைப் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு இதைப் படிப்பது நல்லது.

நான் படித்த கல்லூரியின் திரைப்பட மன்றத்தில் பில்லி வைல்டரின் ‘டபுள் இன்டெம்னிட்டி’யையும் (1944) லாரன்ஸ் காஸ்டனின் ‘பாடி ஹீட்’டையும் (1981) அடுத்தடுத்த மாலைகளில் திரையிட்டார்கள். இரண்டுக்கும் கதை ஏறக்குறைய ஒன்றே. மணமான ஒரு பெண்ணிடம் மனத்தைப் பறிகொடுத்தவன் அவளோடு சேர்ந்து அவள் கணவனைக் கொல்கிறான். பணம் கைக்கு வரும் நேரத்தில், அவள் தன்னை எவ்வளவு தூரம் பயன்படுத்தியிருக்கிறாள் என்பதை அறிகிறான். முதல் படத்தில் அவன் காப்பீட்டு முகவர், இரண்டாவதில் ஃபுளோரிடாவின் சிறுநகரத்து வழக்கறிஞர்.

முதல் படத்தின் ஒளிப்பதிவாளர் ஜான் சைட்ஸ், அறைக்குள் தூசு மிதப்பதுபோல் தோன்றுவதற்காக அலுமினியத் தூளைக் காற்றில் பறக்கவிட்டார் என்று மன்றத்தில் சொன்னார்கள். அந்த வீட்டின் வரவேற்பறை ஏன் அத்தனை மூச்சுமுட்டலாகத் தெரிந்தது என்பது அப்போது விளங்கியது. ஒளியில் இவ்வளவு சுதந்திரம் பெற்றிருந்த வைல்டருக்குக் கதையின் முடிவில் அந்தச் சுதந்திரம் இல்லை. 1934 முதல் ஹாலிவுட்டில் கண்டிப்புடன் நடைமுறைப்படுத்தப்பட்ட தயாரிப்பு நெறிமுறை, குற்றம் செய்தவர் திரையில் தண்டனை பெற்றே ஆக வேண்டும் என்று வற்புறுத்தியது. இதே கதையைப் படமாக்க எழுந்த முயற்சியை அந்த நெறிமுறை அலுவலகம் 1935இல் முடக்கியும் இருந்தது. ஆகவே அவள் சுடப்பட்டு இறக்கிறாள். அவனும் குண்டடிபட்டு அலுவலக வாசலில் சரிகிறான். நச்சுவாயு அறையில் அவனுக்கு மரண தண்டனை நிறைவேறும் காட்சியையும் எடுத்திருந்த வைல்டர், பிறகு அதை நீக்கிவிட்டார். நீக்கியதால் படம் உயர்ந்தது என்பதே என் உறுதியான எண்ணம். அவன்மீது பாசம் வைத்திருந்த மூத்த அலுவலர் குனிந்து அவனுடைய சிகரெட்டுக்குத் தீக்குச்சி கிழிக்கும் அந்தக் கணத்திற்குப் பிறகு சொல்வதற்கு எதுவும் மிச்சமில்லை.

மறுநாள் ‘பாடி ஹீட்’. படம் முழுவதும் உடல்கள் வியர்க்கின்றன. மின்விசிறிகள் சுழன்றும் பயனில்லை. படப்பிடிப்பு நடந்ததோ குளிர்காலத்தில் என்பதும், வியர்வையைத் தெளித்து வரவழைத்தார்கள் என்பதும் பிற்பாடு படித்து அறிந்தவை. பழைய நுவாரில் இருட்டு செய்த வேலையை இங்கே வெப்பம் செய்கிறது. யாராலும் தெளிவாக யோசிக்க முடியவில்லை. இறுதியில் அவன் சிறைக்குள் அமர்ந்து ஒரு பள்ளி ஆண்டுமலரைப் புரட்டி, அவள் யாருடைய பெயரைச் சூடிக்கொண்டு வாழ்ந்தாள் என்பதைக் கண்டுகொள்கிறான். அடுத்த காட்சியில் அவள் வெகுதொலைவில், ஒரு கடற்கரையில் வெயிலில் சாய்ந்திருக்கிறாள். படம் முடிந்துவிடுகிறது.

அரங்கில் சிலர் கோபத்துடனேயே பேசினார்கள். அவளுக்குத் தண்டனை எங்கே என்று கேட்டார்கள். நெறிமுறை 1968இல் கைவிடப்பட்டு வயதுவாரித் தரப்படுத்தல் வந்த பிறகே இப்படியொரு முடிவு சாத்தியமாயிற்று என்று மன்றச் செயலாளர் விளக்கினார். கேத்லீன் டர்னரின் முதல் படம் அது. கடைசிக் காட்சியில் அவர் முகத்தில் இருப்பது நிம்மதியா வெறுமையா என்பதை ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் வேறுவிதமாக உணர்கிறேன். வெளியிலிருந்து வரும் தண்டனை அகன்றவுடன், படைப்பாளி அந்த முகத்துக்குள் போக வேண்டியதாகிவிட்டது. நியோ நுவார் எனக்கு அங்கேதான் தொடங்குகிறது. உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

கோவை உறுப்பினர்:

திருச்சி நண்பர் சொல்லும் சுதந்திரத்திற்கு இன்னொரு முகம் இருப்பதை ‘சைனாடவுன்’ (1974) எனக்குக் காட்டியது. எங்கள் தெருவில் தண்ணீர் லாரிக்காகக் குடங்களை வரிசையில் வைத்திருந்த ஒரு கோடையில் அதைப் பார்த்தேன். 1930களின் லாஸ் ஏஞ்சலிஸில், வறட்சிக் காலத்தில், நகரத்தின் தண்ணீரை இரவோடு இரவாகத் திறந்துவிட்டு, காய்ந்த நிலங்களை மலிவாக வாங்கிக் குவிக்கும் சதியே அதன் மையம். ஓவன்ஸ் பள்ளத்தாக்கின் நீரை அந்நகரம் கொண்டுபோன உண்மை வரலாறு அதற்குப் பின்னால் இருக்கிறது. பெரும்பகுதி பட்டப்பகலில் நடக்கும் இந்தப் படம் தந்த அச்சத்தை எந்த இருட்டுப் படமும் எனக்குத் தந்ததில்லை.

கதாநாயகி பிழைத்துக்கொள்ளும் முடிவையே திரைக்கதை ஆசிரியர் ராபர்ட் டவுன் எழுத விரும்பினார். இயக்குநர் ரோமன் போலன்ஸ்கி அதை ஏற்கவில்லை. அவள் இறக்கிறாள், எல்லாவற்றுக்கும் காரணமான செல்வந்தர் நோவா கிராஸ், அவளுடைய மகளான சிறுபெண்ணை அணைத்தபடி அழைத்துப் போகிறார். அவரைத் தடுக்கும் அதிகாரம் படைத்தவர் அங்கே ஒருவரும் இல்லை. அந்தப் பாத்திரத்தில் நடித்தவர், பழைய நுவாரின் தொடக்கப் படங்களில் ஒன்றான ‘தி மால்டீஸ் ஃபால்கன்’ (1941) படத்தை இயக்கிய ஜான் ஹூஸ்டன்.

டி.ஐ. (படத்தின் நிறத்தையும் ஒளியையும் கணினியில் சீராக்கும்) பணியில் இருக்கும் உறுப்பினர்:

தண்டனை கிடைத்தும் நியாயம் கிடைக்காத ஒரு முடிவை நான் சேர்க்கிறேன். கோயன் சகோதரர்களின் ‘தி மேன் ஹூ வாஸ்ன்ட் தேர்’ (2001) படத்தைத் தொழில் பழகிக்கொண்டிருந்த நாட்களில், வேலை முடிந்த ஓர் இரவில் ஸ்டுடியோவின் மானிட்டரிலேயே பார்த்தேன். 1949இல் கலிஃபோர்னியாவின் சான்டா ரோசாவில் வாழும் ஒரு முடிதிருத்துநர் ஒருவனைக் கொல்கிறார். அந்தக் கொலைக்காக அவருடைய மனைவி கைதாகி, சிறையில் உயிரை மாய்த்துக்கொள்கிறார். பின்னர் முடிதிருத்துநருக்கு மரண தண்டனை விதிக்கப்படுகிறது, ஆனால் அது அவர் செய்யாத வேறொரு கொலைக்காக. பழைய நெறிமுறையின் விதி எழுத்தளவில் அப்படியே காப்பாற்றப்பட்டிருக்கிறது. அதன் பொருள் மட்டும் முற்றிலும் சிதைந்துபோயிருக்கிறது.

ஒளிப்பதிவாளர் ரோஜர் டீக்கின்ஸ் இதை வண்ண நெகட்டிவில் எடுத்துக் கறுப்பு வெள்ளையில் பிரின்ட் போட்டார். அதனால் சாம்பல் நிறத்தின் படிநிலைகள் 1940களின் படங்களில் காணக் கிடைக்காத மென்மையோடு வருகின்றன. எனக்கு மறக்கவே முடியாதது தண்டனை அறைதான். நுவார் நாயகன் இருளில் விழுந்து சாவதைப் பார்த்துப் பழகிய நமக்கு, ஒளிந்துகொள்ள ஒரு நிழல்கூட இல்லாத வெள்ளை அறையை டீக்கின்ஸ் தருகிறார். பழைய பாணியை நகலெடுப்பவர்களுக்கும் அதை உள்வாங்கி மேலே கொண்டுபோகிறவர்களுக்கும் உள்ள வேறுபாட்டை அந்த அறையில் கற்றுக்கொண்டேன்.

சென்னை உறுப்பினர்:

தமிழில் இந்த உரையாடலுக்குள் முதலில் வர வேண்டியது தியாகராஜன் குமாரராஜாவின் ‘ஆரண்ய காண்டம்’ (2011). வெளியான வாரத்தில், பாதி காலியாக இருந்த அரங்கில் பார்த்தேன். வடசென்னையின் ஒரே நாளில் நடக்கும் கதையில் பாடல்கள் கிடையாது. வயோதிகத்தை நெருங்கும் தாதா சிங்கப்பெருமாளின் பிடியில் அடைபட்டிருக்கும் சுப்பு, யாராலும் பொருட்படுத்தப்படாத சப்பை என்கிற அடியாளின் காதலைத் தன் விடுதலைக்கான கருவியாக்கிக்கொண்டு, இறுதியில் அவனையும் கொன்றுவிட்டுத் தனியாகப் புறப்பட்டுவிடுகிறாள். ‘பாடி ஹீட்’ அரங்கில் எழுந்த கோபம் இங்கே எழவில்லை. எனக்குப் பின்வரிசையில் இருந்த பெண்கள் கைதட்டினார்கள். முதல் காட்சியிலிருந்தே அவள் படும் துன்பத்தைப் பார்த்திருந்ததால், அவள் போவது தப்பித்தலாக அல்லாமல் விடுதலையாகவே தெரிந்தது. அமெரிக்க நுவாரின் மாயக்காரியைத் தமிழ்ப் படம் இவ்வளவு பரிவுடன் மாற்றி எழுதியதை நாம் போதிய அளவு பேசவில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு.

அந்தப் படத்துக்குத் தணிக்கையில் 52 வெட்டுகள் கேட்கப்பட்டன. தயாரிப்புத் தரப்பு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம்வரை சென்று போராடி ‘ஏ’ சான்றிதழுடன் வெளியிட்டது. பிறகு அறிமுக இயக்குநருக்கும் படத்தொகுப்புக்கும் தேசிய விருதுகள் கிடைத்தன. அந்தத் தீர்ப்பாயம் 2021இல் கலைக்கப்பட்டுவிட்டது. இன்று இப்படியொரு படத்தை எடுக்கும் புதியவர் தணிக்கை வாரியத்தின் முடிவை எதிர்க்க விரும்பினால், வழக்குச் செலவையும் காலத்தாமதத்தையும் ஏற்று உயர் நீதிமன்றத்தை நாட வேண்டியிருக்கிறது.