பியானோவில் எங்கே இருக்கிறது அந்தக் கட்டை?

சுருதிப்பெட்டி: ஊத் என்ற அரபு நரம்பு வாத்தியம் வாசிக்கும் அன்வர் பிராஹெமின் ‘ப்ளூ மகாம்ஸ்’ (2017) ஜாஸும் அரபு மரபிசையும் சரிபாதி கலந்த ஆல்பம் என்று இங்கே ஒருவர் எழுத, நாலு பேர் கைதட்டுகிறீர்கள். சரிபாதியாம்! ஜாங்கோ பேட்ஸ் வாசிப்பது பியானோ ஐயா. மகாம் என்றால் அரபு இசையின் ராகம் மாதிரி. அதில் ரஸ்த் மகாமின் மூன்றாம் சுரம், பியானோவில் அடுத்தடுத்த கட்டைகளான சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவே நிற்கும். அதற்குக் கட்டை எங்கே?

நடுநிசி ரேடியோ: எழுதியவன் நான்தான். எல்லா மகாமும் ரஸ்த் இல்லை சார். நஹவந்த், குர்த், அஜம், ஹிஜாஸ் எல்லாம் பியானோவில் வரும். ஹிஜாஸின் முதல் நாலு சுரம் நம் மாயாமாளவகௌளைதான். சரளி வரிசை படித்த குழந்தைக்கும் தெரியும்.

சுருதிப்பெட்டி: சரளி வரிசை எனக்கா? ஊத் வாசிப்பவர்கள் ஹிஜாஸின் ரிஷபத்தையே கொஞ்சம் ஏற்றிப் பிடிப்பார்கள் தம்பி. அதற்கும் கட்டை இல்லை. 1932 கெய்ரோ அரபு இசை மாநாட்டிலேயே பியானோ வேண்டுமா, வேண்டாமா என்று அடித்துக்கொண்டார்கள். லெபனானில் அப்துல்லா ஷாஹின், இரண்டு கட்டைகளுக்கு நடுவே விழும் இந்தக் கால் சுரத்துக்கென்றே தனிப் பியானோ செய்தார். பேட்ஸ் முன்னால் இருந்தது அதுவா?

ஈரக்காற்று: ஜாஸ் என்று எதைச் சொல்கிறோம் என்பதை முதலில் பேசலாமே?

நடுநிசி ரேடியோ: பிராஹெம் தூனிஸில் ஊத் ஆசான் அலி ஸ்ரிதியிடம் பாடம் கேட்டவர். பியானோ வைப்பதற்கு உங்களிடம் அனுமதி வாங்கவேண்டுமா? போன மாதம் ஊத்துக்கு வீணை மாதிரி மெட்டு உண்டு என்று சாதித்தவர்தானே நீங்கள்?

சுருதிப்பெட்டி: அது தட்டச்சுப் பிழை. அன்றே சொல்லிவிட்டேன். அதே பிராஹெமின் ‘திமார்’ (1998) கேளுங்கள். ஜான் சர்மன், டேவ் ஹாலண்ட், இவர் மூவர் மட்டும். பியானோ இல்லை, டிரம்ஸும் இல்லை. ஹாலண்டின் பாஸிலும் மெட்டுக் கிடையாது, விரல் நினைத்த இடத்தில் சுரம். கலப்பு என்றால் அது.

மெட்ராஸ் தவில்: இன்னொரு ஊத் கலைஞர் ராபி அபு கலீலின் ‘ப்ளூ கேமல்’ (1992) யாருக்கும் ஞாபகம் வரவில்லையா? அதில் தாளம் நம் ஊர் ரமேஷ் ஷோட்டம்.

நடுநிசி ரேடியோ: நம் ஊர்க்காரர் இருந்தால் உடனே உசத்தியா?

மெட்ராஸ் தவில்: உசத்தி என்று எங்கே சொன்னேன்? படித்துவிட்டுப் பேசுங்கள்.

சுருதிப்பெட்டி: அமீர் எல்சஃபார் ‘டூ ரிவர்ஸ்’ (2007) ஆல்பத்தில் ட்ரம்பெட்டிலேயே கால் சுரம் ஊதுகிறார். மூன்று வால்வு வைத்துக்கொண்டு அவரால் முடிகிறது. எண்பத்தெட்டுக் கட்டை இருந்தும் பியானோவால் முடியவில்லை. கட்டை எங்கே?

மலைக்கோட்டை: நம் வானொலியும் இதே பேச்சைப் பேசித்தான் 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தை விரட்டியது. உங்கள் தாத்தா அங்கே வேலை பார்த்தாரோ?

சுருதிப்பெட்டி: ஆர்மோனியத்துக்குத் தனி இழை திறங்கள். அங்கேயும் வருகிறேன்.