புதுப்பிப்பு: நாய்க் காப்பகத்தில் ஊழியர்கள் கடிபடுவது – எது பலன் தந்தது?

எங்கள் காப்பகத்தில் கூண்டு கழுவும்போது ஊழியர்கள் கடிபடுகிறார்கள், என்ன செய்யலாம் என்று மார்ச்சில் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் தடித்த தோல் கையுறை வாங்கினோம். சரிப்படவில்லை. பிடி தெரியாமல் நாயை இறுக்கிவிடுகிறார்கள், அது மிரண்டு திரும்புகிறது. பலன் தந்தது, "நாய் உள்ளே இருக்கும்போது கழுவவே கழுவாதீர்கள்" என்ற யோசனைதான். கூண்டுகளுக்கு நடுவே தூக்குக் கதவு வைத்தோம். நாய் அடுத்த கூண்டுக்குப் போன பிறகே துடைப்பம் உள்ளே போகும். மூன்று மாதமாகக் கழுவும் நேரத்தில் ஒரு கடிகூட இல்லை.

எல்லோருக்கும் முன்கூட்டியே ரேபிஸ் தடுப்பூசியும் போட்டோம். எதிர்பாராதது இதில்தான்: ஊசி போட்டாச்சே என்று, மருந்து கொடுக்கையில் பல் பட்டதை ஒரு தம்பி சொல்லாமல் விட்டுவிட்டான். பதறிப்போனேன். முன்பே போட்டிருந்தாலும் காயத்தை 15 நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவி, 0 (முதல் ஊசி போடும் நாள்), 3 ஆகிய நாள்களில் மறுபடி ஊசி போட்டே ஆகவேண்டும். குழாயடியில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.