பழைய 21 அடி ஸ்பீடு போட்: எஞ்சினைத் திறப்பதா, மாற்றுவதா?

ஒன்டாரியோ, சிம்கோ ஏரி. வாங்கப் பார்க்கும் போட் 1998 மாடல், 21 அடி, வி வடிவ அடிப்பாகம். ஒற்றை எஞ்சின்: 2.5 லிட்டர் வி6 டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு (போட்டின் பின்பக்கம் வெளியே மாட்டும் எஞ்சின்), 200 எச்பி, கியர் விகிதம் 1.87. மூன்று வாரமாக ஓட்டிப் பார்க்கிறோம். முழு த்ராட்டிலில் 5,000 முதல் 5,600 ஆர்பிஎம் (நிமிடத்துக்குச் சுற்றுகள்) வரவேண்டியது, 4,700-ஐத் தாண்டவில்லை.

24 பிட்ச் ப்ரொப்பில் (ப்ரொப்பெல்லர்; பிட்ச் என்பது ஒரு சுற்றில் அது வழுக்காமல் முன்னேறும் தூரம், இஞ்சில்) ஜிபிஎஸ் காட்டியது மணிக்கு 46 மைல். வழுக்கலே இல்லாவிட்டால் கணக்குப்படி 57. வழுக்கல் 19 சதவீதம், இந்த அடிப்பாகத்துக்கு ரொம்ப அதிகம். 22 பிட்ச் மாட்டினோம். பிட்ச் குறையும் இஞ்சுக்கு 150–200 ஆர்பிஎம் ஏறவேண்டிய இடத்தில் மொத்தமே 150தான் ஏறியது. எஞ்சினை ஒரு துளை (முக்கால் இஞ்சு) உயர்த்தினால் திருப்பத்தில் ப்ரொப் காற்றை இழுக்கிறது, பழையபடி இறக்கியாயிற்று. ஃபில்டர், ப்ளக், புது பெட்ரோல் எல்லாம் பார்த்தாயிற்று.

கடைசியில்தான் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம்) எடுத்தோம், முதலிலேயே எடுத்திருக்க வேண்டும். நான்காவது சிலிண்டரில் 92 பிஎஸ்ஐ, மற்ற ஐந்திலும் 117–120. எக்ஸாஸ்ட் பக்கம் பிஸ்டனில் நெடுக்காகக் கீறல்.

டிரான்சமும் (எஞ்சினைத் தாங்கும் பின்சுவர்) போச்சு. கீழ் போல்ட் அருகே தட்டினால் மந்தமான சத்தம்; விற்பவர் சம்மதத்தோடு துளையிட்டதில் மரத்தூள் கறுத்து, ஈரமாக விரலில் ஒட்டியது. அதை எப்படியும் மாற்றியாக வேண்டும். ஃபோர் ஸ்ட்ரோக் போட்டால் பின்பக்கம் 20 கிலோவாவது கூடும்; போட்டில் உள்ள தகட்டின்படி எஞ்சின் உச்சவரம்பு 225 எச்பி.

டிரான்சம் வேலையோடு சேர்த்து அந்த ஒரு சிலிண்டரை மட்டும் போர் செய்து (உட்சுவரைக் கடைந்து அகலமாக்கி) ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவதா, 225 ஃபோர் ஸ்ட்ரோக்குக்கே போய்விடுவதா?