தொட்டி மாத்தின ஆர்க்கிட் வேர் விடவே மாட்டேங்குது, உதவுங்க

குன்னூர்ல இருந்து எழுதுறேன். வீட்டுக்குள்ள வச்சிருக்கிற ஃபெலனாப்சிஸ் வகை ஆர்க்கிட், வெள்ளைப் பூ, வாங்கி மூணு வருஷம். இங்க ஐப்பசி மழைதானே பெருசுன்னு தைரியமா ஆனிக் கடைசியில தொட்டி மாத்தினேன். மூடுபனியில எதுவும் சீக்கிரம் காயாதுங்கறதை மறந்துட்டேன்.

பழைய தொட்டியைக் கவிழ்த்தா நடுவுல ஒரு கைப்பிடி பாசி (ஸ்பேக்னம் மாஸ்), நர்சரியில வச்சது. பிழிஞ்சா தண்ணி சொட்டுது. சுத்தியிருந்த வேரெல்லாம் பழுப்பு. இழுத்தா தோல் உருவிக்கிட்டு உள்ள இருக்கிற நூல் மட்டும் மிஞ்சுது. அழுகினதை வெட்டி, வெட்டுன இடத்துல சமையல் பட்டைத்தூள் தடவி, ஒரு நாள் காயவிட்டு, மரப்பட்டைத் துண்டும் கரியும் கலந்து பக்கவாட்டுல ஓட்டை உள்ள தொட்டியில வச்சேன். மிஞ்சினது நாலே வேர்.

இப்போ ஏழு வாரம் ஆச்சு. கீழ் இலை ரெண்டும் சுருங்கித் தொங்குது. நடுக்குருத்து பச்சையா, கெட்டியாத்தான் இருக்கு. புது வேர் ஒண்ணுகூட இல்ல. வாரம் ஒரு தடவை ஊத்தினேன், மரப்பட்டை காயவே இல்லைன்னு அதையும் பத்து நாளாக்கிட்டேன். உரம் போடல. ராத்திரி ஜன்னலோரம் 14 டிகிரிக்கு இறங்குது, இதுக்கு அது குளிர். மாமியார் ஃப்ரிட்ஜ் மேல வைக்கச் சொல்றாங்க. சூடு இருக்கு, வெளிச்சம் இல்ல.

ஐப்பசி மழைக்கு முன்னாடி இதை மரப்பட்டையிலேயே விட்டு வைக்கவா, இல்ல வெளிய எடுத்து ஈரப்பாசி போட்ட மூடின டப்பாவுல வச்சு வேர் விட வைக்கவா?