முதல் நாள் வாடகைப் படகோடு ஒரே லாக்கில் மாட்டியிருக்கிறீர்களா? உங்கள் கதையையும் சொல்லுங்கள்

இங்கிலாந்தில் நார்தாம்ப்டன்ஷயர் பக்கம் கிராண்ட் யூனியன் கால்வாயில் 57 அடி நாரோபோட் (கால்வாய்க்கென்றே ஒடுக்கமாக, நீளமாகக் கட்டிய படகு) ஒன்று வைத்திருக்கிறோம், நானும் மனைவியும் மட்டும்தான் ஓட்டுவது. இங்கே கோடையில் சனிக்கிழமை மூன்று மணி தாண்டிவிட்டால் கரையில் இருக்கிற அனுபவஸ்தர்கள் எல்லாரும் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொள்வார்கள். வாடகைப் படகுகள் பல இடங்களில் அன்றுதான் கை மாறும். காலையில் டில்லரை (படகைத் திருப்புகிற கைப்பிடி) தொட்டுக்கூடப் பார்க்காதவர் சாயங்காலம் 15 டன் இரும்பை ஓட்டிக்கொண்டு எதிரே வருவார். லைசென்ஸ் எதுவும் வேண்டாம், கொஞ்ச நேரம் சொல்லிக்கொடுத்துச் சாவியைக் கையில் கொடுத்துவிடுவார்கள்.

போன ஆகஸ்டில் ஸ்டோக் ப்ரூர்ன். ஏழு லாக் (படகை உள்ளே விட்டுக் கதவை மூடி, தண்ணீரை ஏற்றி இறக்கிப் படகை மேலே கீழே கொண்டுபோகிற தொட்டிதான் லாக்), எல்லாமே அகலமானவை, இரண்டு நாரோபோட் பக்கத்தில் பக்கத்தில் நிற்கலாம். ஒவ்வொரு முறை காலி செய்யும்போதும் இரண்டு லட்சம் லிட்டருக்கு மேல் தண்ணீர் கீழே போகிறது, அதனால் பின்னால் யாராவது வந்தால் காத்திருந்து சேர்ந்து இறங்குவதுதான் வழக்கம். காத்திருந்தோம். வந்தது ஆறு பையன்கள், ஆறு தலையிலும் வெள்ளை கேப்டன் தொப்பி, ஓட்டுகிறவன் கையில் பியர். நல்ல பையன்கள்தான், வந்ததும் வணக்கம் சொன்னார்கள், அப்புறம் எங்கள் படகின் பக்கவாட்டில் ஒரு இடி. அது பரவாயில்லை, இடித்தால் பெயின்ட்தான் போகும்.

மேல் லாக்கிலேயே அவர்களுடைய விண்ட்லஸ் ஒன்று தண்ணீருக்குள் போய்விட்டது (பேடிலைத் திறக்கிற எல் வடிவக் கைப்பிடிதான் விண்ட்லஸ். பேடில் என்றதும் துடுப்பு என்று நினைக்காதீர்கள், கதவடியிலும் கரையிலும் இருக்கிற மதகு). என்னிடம் இருந்த இன்னொன்றைக் கொடுத்தேன். இரண்டாவது லாக்கில் இறங்கும்போதுதான் விஷயம். மேல் கதவுக்கு உள்பக்கம் தண்ணீருக்கு அடியில் சில் என்று ஒரு கல்திட்டு நீட்டிக்கொண்டிருக்கும், சுவரில் வெள்ளைக் கோடு போட்டிருப்பார்கள், படகின் பின்பக்கம் அந்தக் கோட்டுக்கு முன்னாலேயே நிற்க வேண்டும். தண்ணீர் இறங்குகிறது, அவர்கள் படகு மெல்ல மெல்லப் பின்னால் நகர்கிறது, டில்லரைப் பிடித்திருக்கிறவன் கரையில் நிற்கிற நண்பனோடு ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருக்கிறான். நான் இந்தப் பக்கம் என் படகைக் கவனித்துக்கொண்டிருந்ததில் பார்க்கவில்லை. மேலே பேடில் பக்கம் நின்ற மனைவிதான் பார்த்தாள். பதற்றத்தில் அவளுக்கு இங்கிலீஷ் வரவில்லை. "முன்னாடி போ! டேய், முன்னாடி போ!" என்று அந்த ஊரே கேட்கிற மாதிரி தமிழில் கத்தினாள்.

அதற்குள் 'கிர்ர்ர்' என்று ஒரு சத்தம், அடியில் சுக்கான் திட்டில் உட்கார்ந்துவிட்டது. பின்பக்கம் அங்கேயே நிற்க, முன்மூக்கு மட்டும் தண்ணீரோடு இறங்க ஆரம்பித்தது. மனைவி தன் பக்கத்துப் பேடிலை உடனே இறக்கிவிட்டாள். எதிர்ப்பக்கம் இருந்த பையனோ விண்ட்லஸை அச்சிலேயே மாட்டி விட்டுவிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான். அது தனி ஆபத்து, தடுப்புக்கொக்கி நழுவினால் கைப்பிடி சுழன்று மணிக்கட்டை உடைத்துவிடும். நான் போட்ட சத்தத்தில் தொப்பி விழ ஓடிவந்து இறக்கினான். பிறகு மேல்பக்கப் பேடிலை ஒரு துளி மட்டும் திறந்து தண்ணீரை மெதுவாக விட்டோம், படகு தானாக மிதந்து நேரானது. மொத்தமே ஒரு சாண் சாய்வுதான் இருக்கும், உள்ளே தட்டு டம்ளர் எல்லாம் நொறுங்குகிற சத்தம் கேட்டது. இன்னும் ஒரு நிமிடம் விட்டிருந்தால் முன்பக்கம் தண்ணீர் ஏறியிருக்கும். படகுகள் லாக்குக்குள் மூழ்குவது இப்படித்தான்.

ஓட்டிய பையன் வெளுத்துப்போய் நின்றான். சில்லைப் பற்றிக் காலையிலேயே சொன்னார்களாம். "லாக்குக்குள் படகு சும்மா நிற்கிறதே, எனக்கு என்ன வேலை என்று நினைத்துவிட்டேன்" என்றான். யோசித்துப் பார்த்தால் அவன் சொன்னது ரொம்ப இயல்பு. ஒரு மணி நேரத்தில் இருபது விஷயம் சொன்னால் எது உயிர்போகிற விஷயம், எது பெயின்ட் போகிற விஷயம் என்று புதியவனுக்கு எப்படிப் பிரித்துத் தெரியும்? லாக்குக்குள் நுழைவதற்கு முன்னால் அரை நிமிடம் நின்று நான் அதைச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அந்த விதத்தில் பாதித் தவறு என்னுடையது.

நானும் அப்படி ஒரு வாடகைப் படகில்தான் ஆரம்பித்தேன். ஆக்ஸ்ஃபோர்ட் கால்வாயில் நாப்டன், ஒன்பது லாக் இறங்கி அடியில் கட்டித் தூங்கிவிட்டோம். நடுவில் ஒரு லாக்கில் கீழ்ப் பேடிலை மூட மறந்திருக்கிறேன். மேல் கதவு ஒழுகுகிற கதவு, ராத்திரி முழுக்க மேலே கால்வாயில் இருந்த தண்ணீர் அந்த வழியாகப் போய், அதற்கு மேலே படகு கட்டியிருந்த ஒரு பெரியவர் காலையில் சேற்றில் சாய்ந்து கிடந்து எழுந்திருக்கிறார். இறங்கி வந்து பத்து நிமிடம் திட்டினார். அவருடைய உச்சரிப்பில் எனக்குப் பாதி புரியவில்லை, புரிந்த பாதியே போதுமானதாக இருந்தது. அப்புறம் அவரே கூட வந்து, மேலே இருந்து தண்ணீரை இறக்கி நிரப்புவது எப்படி என்று காட்டினார்.

கட்டியிருக்கிற படகுகளைத் தாண்டும்போது வேகத்தைக் குறைக்காமல் போய் நாம் கயிறு கட்டிய முளையைப் பிடுங்குகிறவர்களைப் பற்றித் தனியாகவே எழுதலாம், இன்னொரு நாள். மணிக்கு 4 மைல் வரை போகலாம் என்பார்கள். போகலாம், ஆனால் என் டீ கெட்டிலுக்குப் பக்கத்தில் வேண்டாம்.

* * *

அண்ணா, நான் அந்தக் கேப்டன் தொப்பி கூட்டத்தைச் சேர்ந்தவள். ஒரே ஒரு முறைதான், லாங்கொல்லன் கால்வாயில் ஒரு வாரம், அத்தை மாமா பிள்ளைகள் எல்லாருமாக ஏழு பேர். கால்வாயையே இரும்புத் தொட்டியில் தூக்கிப்போகிற பொன்ட்கிசில்டே பாலத்தில் 38 மீட்டர் உயரத்தில் படகு போகிறது, நடைபாதை இருக்கிற பக்கம் கம்பி உண்டு, இன்னொரு பக்கம் தொட்டியின் விளிம்போடு சரி. எட்டிப் பார்த்தால் நேராகப் பள்ளத்தாக்கு. அத்தை கண்ணை மூடிக்கொண்டு கந்தசஷ்டி கவசம் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பக்கம் போய்விட்டோம், அது ஒன்றும் கஷ்டமில்லை.

கஷ்டம் அதைத் தாண்டி லாங்கொல்லன் ஊருக்குள் போகிற வழியில்தான். ஒரு படகு மட்டும் போகிற அளவுக்குக் கால்வாய் குறுகிவிடும், ஒருவர் முன்னால் நடந்து போய் எதிரே யாரும் வரவில்லை என்று பார்த்துச் சைகை காட்ட வேண்டும். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தபடி நான்தான் நடந்தேன். காலியாக இருக்கிறது என்று போன் செய்து என் கணவர் பாதி தூரம் வந்துவிட்டார். அப்போது எதிரே பளபளவென்று பித்தளை மெருகேற்றிய சொந்தப் படகு ஒன்று. கையை ஆட்டினேன், கெஞ்சினேன், அவர் நிறுத்தவே இல்லை. "வாடகைக்காரர்கள்தானே, பின்னால் போங்கள்" என்றார். ரிவர்ஸில் நாரோபோட் நாம் திருப்புகிற பக்கம் திரும்பாது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. நாற்பது நிமிடம். மூன்று மரக்கிளை, ஒரு ஜன்னல் கண்ணாடி. கடைசியில் எங்களுக்குப் பின்னால் வந்த இன்னொரு வாடகைப் படகிலிருந்து ஒரு அப்பாவும் மகளும் இறங்கி வந்து கயிறு பிடித்து இழுத்துத்தான் மீண்டோம். அவர்களுக்கும் அது இரண்டாம் நாள்.

எதற்குச் சொல்கிறேன் என்றால், நாப்டன் பெரியவர் மாதிரி திட்டினாலும் கூட வந்து காட்டுகிறவர் ஒருவராவது எங்களுக்கு அமைந்திருக்கலாம்.

அது சரி, அந்த ஆறு பையன்கள் மிச்ச ஐந்து லாக் எப்படி இறங்கினார்கள்?

* * *

அந்தப் பித்தளைக்காரரை மாதிரி எனக்கும் இரண்டு பேரைத் தெரியும் தங்கச்சி, ஊர் பெயர் சொன்னால் சண்டை வரும். பையன்கள் பிரமாதமாக இறங்கினார்கள். ஓட்டுகிறவன் பியரைக் கீழே வைத்துவிட்டு வெள்ளைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மற்றவர்கள் என் மனைவியிடம் கேட்காமல் ஒரு பேடிலைக்கூடத் தொடவில்லை, அவளுக்கு அன்றைக்கு முழுக்க உட்கார்ந்து உத்தரவு போடுகிற வேலைதான். இப்போது யார் வந்தாலும் முதல் வார்த்தையே "முதல் நாளா?" என்றுதான் கேட்கிறேன். ஆறாவது லாக்கில் நான் இரவல் கொடுத்த விண்ட்லஸையும் தண்ணீருக்குள் போட்டுவிட்டார்கள். அலுமினியம், காந்தம் போட்டும் வரவில்லை.